இன்னைக்கு என்ன பாத்த?

செல்லூர், மதுரை
21-8-1936

மரியாதைக்குரிய முத்திருளன் மச்சானுக்கு மைத்துனன் விருமாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜெயக்கொடியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

என் அக்காள் ஒச்சம்மாள் செத்து நாலு மாதம் ஆகிறது. கருமாதியன்று ஊர் மத்தியில் வைத்து, "இனிமே என் வாசல மிதிக்காத" என்று சொன்னீர்கள். இன்றுவரை மிதிக்கவில்லை. கடுதாசி எழுதுவது வாசலை மிதிப்பதில் சேராது என்று நினைத்து எழுதுகிறேன்.

புதன்கிழமை கத்தரிக்காய் வண்டியோடு வந்த உங்கள் பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒன் மச்சான் குளிச்சு எம்புட்டு நாளாச்சுன்னே தெரியலடா. விடிஞ்சா போயி கெணத்து வெளிம்புல ஒக்காந்து காலத் தொங்கப் போட்டுக்கிறாரு. பொழுதடையிற வரைக்கும் உள்ளயே பாத்துக்கிட்டு இருக்காரு. கஞ்சி கொண்டுபோயிக் குடுத்தா நாயிக்கு ஊத்திருறாரு."

மச்சான், அந்தக் கிணரு ஆறு ஆள் ஆழம். எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளிச்சம் வருவதற்கு முன் எழுந்து தலைக்கு ரெண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்கு வரை நடந்துபோய்த் திரும்புங்கள். போகிற வழியில் எதையாவது ஒன்றைப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

தங்கள் கோபத்துக்குக் கட்டுப்பட்ட,
விருமாண்டி

*

வடக்குப்பட்டி, சமயநல்லூர் தபால்
2-9-1936

விருமாண்டிக்கு முத்திருளன் எழுதுவது.

கடுதாசியின் தொடக்கத்தில் சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். பொய் எழுதிப் பழக்கமில்லாததால் விட்டுவிடுகிறேன். அங்கே சௌக்கியமாக இருங்கள். ஜெயக்கொடிக்காகச் சொல்கிறேன், உனக்காக அல்ல.

கிணறு என்பதற்கு வல்லின றகரம் போட வேண்டும். தல்லாகுளத்தில் சர்க்கார் ஆபீசில் பதினெட்டு வருஷமாக டவாலி போட்டுக்கொண்டு நிற்கிறாய். நான் பள்ளிக்கூடத்து வாசலைக்கூடப் பார்க்காதவன். மைல் கல்லையும் கடைப் பலகையையும் பார்த்து எழுத்துக் கற்றவன். எனக்குத் தெரிவது உனக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவள் மேல் விழ வேண்டும். அண்ணன் தம்பி இல்லாதவளுக்குக்கூட யாராவது ஒரு பங்காளி கொண்டுவருவான். உன் அக்காளுக்குத் தம்பி நீ ஒருத்தன், ஏழு மைலில் இருந்தாய். அவள் திங்கட்கிழமை விடியலில் போனாள். ஊரார் ஆள் அனுப்பச் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவன் வீட்டிலிருந்து எதற்கு ஆள் போக வேண்டும் என்று, நானே உட்கார்ந்து கடுதாசி எழுதி, நானே சமயநல்லூர் போய்ப் பெட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் வரை அந்த வெயிலில் அவளை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அப்போதும் ஆள் அனுப்பலாம் என்றார்கள். கடுதாசி போயிருக்கிறது, வருவான் என்றேன். கடைசியில் என் பங்காளி வீட்டுச் சேலையைப் போட்டு எடுத்தோம். வியாழக்கிழமை நீ கையில் புதுச் சேலையோடு ஓடிவந்து நின்றாய்.

துரையோடு உசிலம்பட்டிக்கு முகாம் போயிருந்தேன் என்றாய். சரி, உன் பெண்டாட்டி ஜெயக்கொடி வீட்டில்தானே இருந்தாள்? அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றால், பிரித்துப் பக்கத்து வீட்டில் காட்டக்கூடாதா? இதற்கு நீ அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் எழுதவில்லை.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பது சம்சாரி வேலை. எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. காலையில் பத்திவிட நான் மாடு அல்ல. இனி எழுத வேண்டாம்.

முத்திருளன்

*

செல்லூர்
12-9-1936

மச்சானுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் நலம். நீங்கள் திட்டி எழுதிய கடுதாசியை இரண்டு தடவை படித்தேன். கிணறு, கிணறு, கிணறு. இப்போது சரியா?

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் குளிக்கச் சொன்னதும் நடக்கச் சொன்னதும் என் புத்தி இல்லை. அக்காள் புத்தி.

எட்டு வருஷத்துக்கு முன் என் மகள் செல்லத்தாய் வாந்திபேதியில் போனாளே, அப்போது அக்காள் இங்கே வந்து நாற்பது நாள் இருந்தது நினைவிருக்கும். நான் அப்போது வேலைக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். ஜெயக்கொடி அழுது பார்த்தாள். பிள்ளையைப் பெற்றவளே எழுந்து சோறு பொங்குகிறாள், உனக்கென்ன என்று பக்கத்து வீட்டார் ஏசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அக்காள் வந்த மறுநாள் இருட்டோடு போர்வையை உருவினாள். "எந்திரி. தண்ணி வெளாவி வச்சிருக்கேன்." அழாதே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. "அழுகிறதுன்னாலும் குளிச்சிட்டு அழு" என்றாள். அப்புறம் வைகைக் கரைக்கு விரட்டினாள். திரும்பி வந்ததும் நிலைக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்: "இன்னைக்கு என்ன பாத்த?"

ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

"ரெண்டு கண்ணு எதுக்கு வச்சிருக்க? போயிப் பாத்துட்டு வா. அப்புறந்தான் கஞ்சி."

மறுபடியும் போனேன். வண்ணாத்துறையில் ஒரு கழுதை தன் முதுகில் கிடந்த வேட்டியையே மென்றுகொண்டிருந்தது. வந்து சொன்னேன். "யாரு வேட்டி?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? மறுநாள் போய் விசாரித்துவிட்டு வந்தேன். அப்படித்தான் நாள் போயிற்று. முப்பதாம் நாள் வேலைக்குப் போனேன். வருத்தம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், இன்றும் இருக்கிறது. ஆனால் அதோடு எழுந்து நிற்கத் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் கேட்க இப்போது அவள் இல்லை. அதனால் நான் கேட்கிறேன். இன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?

விருமாண்டி

*

வடக்குப்பட்டி
7-10-1936

விருமாண்டிக்கு. ஜெயக்கொடி நலமாக இருக்கட்டும். நான் இருக்கிறேன்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அந்த நாற்பது நாளும் நான் இங்கே கேப்பைக் கூழைக் கிண்டிக் கையைச் சுட்டுக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்ததும், தம்பி வீட்டில் அப்படி என்ன வெட்டி முறித்தாய் என்று கேட்டேன். "தம்பிக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவள். அவளைப் பற்றி நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

குளித்தேன். உடம்பு அரித்தது, அதனால் குளித்தேன். நீ சொன்னதற்காக அல்ல. நடக்கவெல்லாம் இல்லை.

கலுங்கில் வடக்கேயிருந்து மூன்றாவது கல் பெயர்ந்து சாய்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் அதைப் புரட்டிக்கொண்டு போனால் கீழ்ப்புறத்து வயல் அத்தனையும் மணலாகிவிடும். இந்த ஊரில் ஒருத்தனுக்கும் கண் இல்லை. பெயர்ந்த இடத்தில் ஒரு உள்ளான் குருவி வேறு உட்கார்ந்திருக்கிறது.

'வெட்டி முறித்தாய்' என்பதற்கும் வல்லின றகரம்தான். தெரிந்துகொள்.

முத்திருளன்

*

செல்லூர்
15-10-1936

மச்சானுக்கு வணக்கம். இங்கே நலம். உங்கள் நலத்தை இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. நீங்களே எழுதிவிட்டீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து கலுங்கு அரை மைல். கூரையில் ஏறி நின்றாலும் புளியந்தோப்பு மறைக்கும். நடக்காத மனுஷருக்கு வடக்கேயிருந்து மூன்றாவது கல் எப்படித் தெரிந்தது? உள்ளான் குருவி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனதா? ஜெயக்கொடியிடம் படித்துக் காட்டினேன். வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆயிற்று.

அடுத்ததையும் கேட்டுவிடுகிறேன். குளிப்பதும் நடப்பதும் படிந்த பிறகு, தினம் ஒருத்தரிடமாவது நாலு வார்த்தை பேசிவிட்டு வரச்சொல்லி அக்காள் என்னை விரட்டினாள். நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "சண்டைன்னாலும் சரி, வாயத் தொறந்து போடு" என்றாள். உங்களுக்கு இது சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

விருமாண்டி

*

வடக்குப்பட்டி
2-11-1936

விருமாண்டிக்கும் ஜெயக்கொடிக்கும். இங்கே நல்ல மழை. அங்கே ஆற்றில் வெள்ளம் வந்திருக்கும். ஈரச் சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள்.

கேலி செய்ய உனக்கு உரிமை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆண்டிச்சாமியிடம் சண்டை போட்டேன். கலுங்குக் கல்லைப் பற்றித்தான். "ஏன்டா, தண்ணி வந்தா ஒன் கத்தரிக்காத் தோட்டந்தான மொத முங்கும். நீயும் பாத்துக்கிட்டுத்தான நிக்கிற?" என்றேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"என்னண்ணே! ஆறு மாசமா ஊமையா இருந்தீக. இப்ப வாயத் தொறந்ததும் வசவா?"

"வாயத் தொறக்காம வைய முடியுமாடா?"

"அதுவுஞ் சரித்தான். வையுங்க, இன்னுங் கொஞ்சம் வையுங்க. கேட்டு எம்புட்டு நாளாச்சு."

அவனும் நானும் இன்னும் ரெண்டு பேரும் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைத் திரும்ப வைத்தோம். சுண்ணாம்பு பூசியது நான். மற்றவர்களுக்குப் பதம் தெரியவில்லை.

இது நடந்தது பதினைந்து நாளைக்கு முன். அப்புறம் நாலு நாள் நான் எழுந்திருக்கவில்லை. மழை என்று எழுதலாம். மழை பெய்யவில்லை. விழிப்பு வந்தது, கூரையைப் பார்த்தேன், எதற்கு என்று தோன்றியது, படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். ஐந்தாம் நாள் குளித்து நடந்தேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. உனக்குக் கற்றுக்கொடுத்தவள் இப்படி நாலு நாள் விட்டுப்போனால் என்ன செய்வாள் என்று எழுதவில்லையே. அதை எழுது.

முத்திருளன்

*

செல்லூர்
5-11-1936

மச்சானுக்கு. எல்லோரும் நலம். உங்கள் கடுதாசி இன்று காலைதான் வந்தது. இன்றே எழுதுகிறேன்.

எனக்கு நடுவில் பதினோரு நாள் விட்டுப்போயிற்று. அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. விட்டது எத்தனை நாள் என்று எண்ணவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் முதல் நாளைப்போலவே போர்வையை உருவினாள். தண்ணீர் விளாவி வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு நாளும் அவள் தினம் தண்ணீர் விளாவி வைத்துவிட்டுத்தான் இருந்தாள் என்று ஜெயக்கொடி பிறகு சொன்னாள்.

விருமாண்டி

*

வடக்குப்பட்டி
6-12-1936

விருமாண்டிக்கு.

நலம் விசாரிக்க நேரமில்லை. ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

வீட்டிலிருந்த தபால் கவர் தீர்ந்துபோனதால், நேற்று சமயநல்லூருக்கு நடந்துபோய் ஐந்து கவர் வாங்கினேன். ஆண்டிச்சாமியும் கூட வந்தான். தபாலாபீஸ் வாசலில் வைத்து என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"என்னண்ணே, மொட்டைக் கவரா இருக்கு? மதினி வாங்குன அன்னிக்கே அம்புட்டுக் கவருக்கும் நாலு மூலையிலயும் மஞ்சளத் தொட்டு வச்சிருவாகளே. இப்பிடி வெறுசாப் போட்டீகன்னா, வாங்குறவுக எழவு சேதியோன்னு பதறிப் போவாகண்ணே."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அங்கேயே நின்று கையிலிருந்த கவரைப் பார்த்தேன்.

அவள் அப்படிச் செய்வது எனக்குத் தெரியும். தெரிந்து தெரிந்து கண்ணில் படாமலே போய்விட்டது. உனக்கு இந்த மூன்று மாதமாக எழுதியதெல்லாம் அவள் வைத்துவிட்டுப்போன கவரில்தான். ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை அவளை உள்ளே கிடத்திவிட்டு, பெட்டியைத் திறந்து மேலாகக் கிடந்த கவரை எடுத்து எழுதிப் போட்டேன்.

அந்தக் கவரில் மஞ்சள் இருந்ததா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுது.

முத்திருளன்

*

செல்லூர்
20-12-1936

மச்சானுக்கு வணக்கம்.

உங்கள் கடுதாசியைப் பதிமூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிவிடலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்த பிறகு என் பேச்சு எதுவும் உங்களிடம் நிற்காது.

இருந்தது. நாலு மூலையிலும்.

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் கொடுத்தபோது ஜெயக்கொடிதான் வாங்கினாள். மஞ்சளைப் பார்த்ததும், அக்காள் ஊரில் ஏதோ காதுகுத்து, வீட்டு ஆம்பளை வந்து பிரிக்கட்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு பூவும் வைத்தாள். நான் புதன்கிழமை பொழுதடைந்து வந்தேன். "ஒங்க அக்கா வீட்டுல விசேஷம் போலருக்கு. பிரிச்சுப் படிங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். படித்தேன். மறுநாள் உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கருமாதியன்று நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். முகம் செத்தவர் முகம் போலத்தான் இருந்தது, என்னைத் திட்டும்போது மட்டும் அதில் உயிர் வந்தது. தப்பு உங்கள் பக்கம் என்று சொல்லி அந்தக் கோபத்தையும் பிடுங்கிவிட்டால், பிறகு உங்களுக்கு அந்தக் கிணறுதான் மிச்சம் என்று பட்டது. என்னை வெறுத்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜெயக்கொடியையும் சொல்லவிடவில்லை. அதில்தான் நான் தப்புச் செய்துவிட்டேன். பிரித்துப் பக்கத்து வீட்டில் காட்டாதது தன் குற்றம் என்றே அவள் இன்றும் நினைக்கிறாள். தபால்காரர் குரல் கேட்டால் உள்ளே போய்விடுகிறாள். அவளையும் விடியலில் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறேன். என்ன பார்த்தாய் என்றால் பதில் சொல்வதில்லை.

உடனே பதில் போடுங்கள் மச்சான். திட்டியாவது போடுங்கள்.

விருமாண்டி

*

செல்லூர்
5-1-1937

மச்சானுக்கு. பதினாறு நாளாகப் பதில் இல்லை. ஆண்டிச்சாமி அண்ணனும் இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு வரி போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால், உங்கள் வாசலை மிதிப்பேன். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

விருமாண்டி

*

வடக்குப்பட்டி
8-1-1937

விருமாண்டிக்கு முத்திருளன் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடுதாசி வந்த அன்று கிணற்றடிக்குப் போனேன். மறுநாளும் போனேன். தண்ணீர் இப்போது மேலேயே கிடக்கிறது, கால் நனைகிறது. மஞ்சளைத் தொட்டு வைத்தவள் அவள். பார்க்காமல் எடுத்தவன் நான். ஆள் அனுப்பாதவன் நான். அவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலை இல்லாமல் செய்தவன் நான். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் வேறு ஆள் அகப்படவில்லை. ரெண்டாம் நாள் பொழுதடையும்போது எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. விடியட்டும் என்று படுத்தேன். எதற்காக விடியட்டும் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

விடிவதற்கு முன் முழிப்பு வந்தது. கை செம்பை எடுத்தது. குளித்துத் துடைத்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, கலுங்குப் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான், நான் போக நினைத்த இடம் இது இல்லையே என்று ஞாபகம் வந்தது. மனசு வரவில்லை, விருமாண்டி. உடம்பு தன்பாட்டுக்கு வந்துவிட்டது. மூன்று மாதமாக நடந்த காலுக்கு வேறு வழி தெரியவில்லை. பாதையிலேயே நின்றேன். திரும்பிப் போகலாமா என்று யோசிப்பதற்குள் ஆண்டிச்சாமி எருமையைப் பத்திக்கொண்டு எதிரே வந்தான். அவனிடம் சொல்லிவிட்டேன்.

"எழவுக் கடுதாசிய மஞ்சக் கவர்ல போட்டுட்டேன்டா. அதான் தம்பிக்காரன் வரல."

அவன் எருமையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். எருமை பாட்டுக்கு நடந்தது. அப்புறம், "இது கண்மாயில எறங்குனா ஏறாதுண்ணே. ஒத்தையில என்னால பத்த முடியாது. கூட வாரீகளா?" என்றான். போனேன். உச்சி வெயில் வரை அது ஏறவில்லை. மறுநாளும் எருமை பத்த என்னைக் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும் கூப்பிட்டான். அவன் வீட்டில் வயசுப்பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதப் பிந்திவிட்டது.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மறைத்துவைத்தது உன் தப்பு. ஊர் மத்தியில் சொன்ன சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன். அறுபத்துமூன்று வயதுக்கு எந்தச் சொல்லையும் நான் திருப்பி எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மிதிப்பேன், அது இது என்று மிரட்டுகிற வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம். நீ என் வாசலை மிதிக்கக் கூடாது.

நான் உன் வாசலுக்கு வருகிறேன். என் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் கிடையாது. தை மூன்றாம் தேதி சனிக்கிழமை, குளித்துவிட்டு இருட்டோடு கிளம்புகிறேன். ஏழு மைல்தான். வண்டி அனுப்பாதே, எதிரே வந்து நிற்காதே. நான் உன்னைப் பார்க்க வரவில்லை.

ஜெயக்கொடியிடம் நான் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கடுதாசியில் போட மாட்டேன். கடுதாசியில் போட்டு ஒரு தடவை பட்டது போதும். வாசலில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ குறுக்கே வந்து பதில் கொடுக்காதே. அவள் எழுந்து வர எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கிறேன். அவளே வந்து திறக்கட்டும்.

முத்திருளன்